மூணாவது டவர், சோத்துக்கை பக்கம்

அவளை எல்லோரும் 'முப்பது' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு, அதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. டிரோன் கேமரா ஓட்டுவது அவள் தொழில். பேட்டரி முப்பது சதவீதத்துக்கு வந்துவிட்டதா, கீழே சிங்கமும் புலியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, டிரோனைத் திருப்பிக் கொண்டுவந்து தரையில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று கெஞ்சிய எத்தனையோ டைரக்டர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டுமே, அவளுக்கென்ன. பதினொரு வருடத்தில் ஒரு டிரோனைக்கூடக் கீழே போட்டதில்லை என்று சொல்லும்போது மட்டும் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு ராத்திரி ஏழு மணிக்கு, ரோப் கார் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், கடைசியாக மிஞ்சிய ஒரே பேட்டரியோடு நின்றுகொண்டிருந்தாள். அதில் இருந்தது நாற்பத்தாறு சதவீதம். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள், பள்ளத்தாக்கின் நடுவில், கம்பியில் ஒரு கண்ணாடிப் பெட்டி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் அவள் புருஷன் இருந்தான்.

அவனை அதில் ஏற்றிவிட்டதே அவள்தான்.

நடந்தது இதுதான். ரோப் காருக்கு ஒரு விளம்பரப் படம். காலையிலிருந்து ஓட்டி ஓட்டி நாலு பேட்டரி காலி. பொதுமக்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு, வானம் ஊதா நிறத்துக்கு வந்தபோது அவளுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. விளக்குப் போட்ட பெட்டி ஒன்று அந்த வானத்தில் தனியாக வர வேண்டும், ஜன்னலில் இரண்டு முகம் தெரிய வேண்டும். நடிக்க வந்தவர்கள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பை தூக்க வந்த புருஷனும், லீவு போட்டு வேடிக்கை பார்க்க வந்த நாத்தனாரும்தான்.

புருஷன் வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறவன். அவன் பிழைப்பு முழுக்கத் தரையில்தான். பரண்மேல் இருக்கும் பெட்டியை எடுக்கச் சொன்னால்கூட, ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "நீ ஏறும்மா, நான் ஸ்டூலைப் புடிச்சுக்கிறேன்" என்பான். நாத்தனார் அதற்கு நேரெதிர். ஒரு போன் கம்பெனியில் நாள் முழுவதும் புகார் கேட்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. அதனால் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"உயரம்னா எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியாதா?" என்றான் அவன்.

"கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க. நான் பக்கத்துல வரும்போது ரேடியோ சொல்லுவா, அப்ப மட்டும் திறந்தாப் போதும். மேல போய்ட்டுக் கீழ வர பதினஞ்சே நிமிஷம்."

பொண்டாட்டி கேட்டு இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள் அவன். அது தெரிந்துதான் அவள் கேட்டாள். ஷாட் பிரமாதமாக வந்தது, சும்மா சொல்லக்கூடாது. அவள் டிரோனை இறக்கிப் பெருமையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேல் நிலையம் வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த பெட்டி, நாலாவது டவருக்கும் மூணாவது டவருக்கும் நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மெக்கானிக். கிரீஸ் அண்ணன் என்று பெயர். சட்டையைப் பார்த்தாலே காரணம் புரியும். ராத்திரி ஷிப்டில் மெக்கானிக்கும் அவர்தான், பெட்டியை ஓட்டுகிறவரும் அவர்தான்.

"மூணாவது டவர்ல சுவிட்ச் அடிச்சிருக்கும்மா," என்றார். "ரோப் வீலை விட்டு நகர்ந்தா அடிக்கிற சுவிட்ச். அடிச்ச உடனே மோட்டார் நின்னுரும்."

"அப்ப நகர்ந்திருச்சா அண்ணே?"

"நகர்ந்திருக்கலாம். இல்ல, பறவை கிறவை உக்காந்து சுவிட்ச் மட்டும் கெட்டிருக்கலாம். கண்ணால பார்த்தாத்தான் தெரியும். ரோப் நல்லா இருந்தா மெதுவா ஓட்டி ஆறு நிமிஷத்துல இறக்கிடுவேன். நகர்ந்திருந்து, அது தெரியாம ஓட்டினா, ரோப் கழண்டு பெட்டியோட கீழ போயிரும்."

"ஆள் ஏறிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஜீப்ல மலையைச் சுத்திப் போயி, இறங்கி நடந்து, டவர்ல ஏறணும். ரெண்டு மணி நேரம். ஆனா ஏழே முக்காலுக்குப் பெரிய காத்து வருதுன்னு தகவல். நகர்ந்த ரோப்ல பெட்டி காத்துல ஆடக் கூடாதும்மா."

போன் அடித்தது. ரேடியோதான்.

"அண்ணி, நாங்க நின்னுட்டோம்."

"தெரியும்டி. அவர் எப்படி இருக்காரு?"

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு டைல்ஸ் போடுறான்."

"என்னது?"

"மனசுக்குள்ள. பெரிய ஹால் ஒண்ணு எடுத்திருக்கானாம், ஒவ்வொரு கல்லா எண்ணிப் போட்டுட்டே வர்றான். இருநூத்திப் பன்னண்டு ஆயிருக்கு. பேச்சுக் குடுத்தா கணக்குத் தப்பிடும்னு கையைக் காட்டுறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, டிரோன் பெட்டியைத் திறந்தாள்.

கிரீஸ் அண்ணன் அதற்குள் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துப் பலகையின் பின்பக்கத்தைக் கழற்றி, டெஸ்டரை ஒவ்வொரு வயராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி வயர். ஒண்ணு செத்துக் கிடக்கு. இங்கேருந்து டவரைப் பார்த்து நின்னா சோத்துக்கை பக்கம். கேட்டுக்கம்மா. மூணாவது டவர், சோத்துக்கை பக்கம். எட்டு வீல் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணா எனக்குக் காட்டு."

சோத்துக்கை பக்கம், மேலே ஏறுகிற கம்பி. பெட்டி இறங்கி வந்துகொண்டிருந்தது மற்றப் பக்கத்துக் கம்பியில். "அப்ப பெட்டி இருக்கிற பக்கம் இல்லையே," என்றாள் ஒரு நப்பாசையோடு.

"ரெண்டும் ஒரே ரோப்தான், சுத்தி வருது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வம்புதான்," என்றார், டெஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, பாதிதான் காதில் வாங்கிக்கொண்டு.

வாசலில் சிமெண்டுத் தரையில் டிரோனை வைத்தாள். ராத்திரியில் ஓட்டுவது பகலில் ஓட்டுவது மாதிரி இல்லை. கம்பி கண்ணுக்குத் தெரியாது. தூரம் தெரியாது. டிரோன் வயிற்றில் இருக்கிற விளக்கு எட்டுகிற இடம் மட்டும்தான் உலகம். காற்று இப்போதே அவள் முதுகுப் பக்கமிருந்து டவர்களை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. போகும்போது தள்ளிவிடும், வரும்போது மல்லுக்கு நிற்கும். போக ஏழு செலவானால் வரப் பதினாலு. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நேராக மேலே ஏற்றினாள். கம்பிகளுக்கெல்லாம் மேலே போன பிறகுதான் முன்னால் தள்ளினாள். பயம் இருந்தது உண்மை. ஆனால் டிரோன் அந்த இருட்டுக்குள் விர்ரென்று பாய்ந்தபோது உள்ளுக்குள் ஒரு துள்ளல் துள்ளியதே, அதுவும் உண்மை. புருஷன் அந்தரத்தில் தொங்கும்போது இப்படி ஒரு குஷியா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ரிமோட்டைப் பிடித்தபடியே உள்ளே வந்து, கிரீஸ் அண்ணனுக்குத் தெரிகிற மாதிரி திரையைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். முதல் டவரின் உச்சி விளக்கு சிவப்பாகக் கீழே நழுவிப் போனது. இரண்டாவது. மூணாவது. முப்பத்தொன்பது.

"இறங்குறேன் அண்ணே."

டவரின் குறுக்குக் கை திரையில் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் போய், ஒரு ஆள் தூரம் விட்டு நிறுத்தினாள். வரிசையாகச் சக்கரங்கள், அவற்றின் மேல் கைத்தடி கனத்துக்கு இரும்புக் கயிறு.

"ஒண்ணு," என்றார் அவர். "சரி. அடுத்தது. ரெண்டு, சரி. கொஞ்சம் கிட்ட போம்மா. மூணு, சரி."

எட்டு வரை போனார்கள். கயிறு அத்தனை சக்கரத்தின் பள்ளத்திலும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கிரீஸ் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "ஒண்ணும் இல்ல. சுவிட்ச்தான் மண்டையைப் போட்டிருக்கு. ஓட்டிடலாம்."

அப்பாடா. அவள் தோள் இரண்டும் இறங்கின. திரையில் முப்பத்திரண்டு, கொஞ்சம் பொறுத்து முப்பத்தொன்று. பழக்கதோஷம், கை தானாக டிரோனைத் தூக்கி வீட்டுப் பக்கம், அதாவது நிலையத்துப் பக்கம், திருப்பியது. இவ்வளவு கலவரத்திலும் தன் விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு சின்ன கர்வம்கூட.

"அண்ணி, வெளிச்சம் தள்ளிப் போகுதே," என்றது போன்.

"ஒண்ணும் இல்லடி, எல்லாம் சரியா இருக்கு. ரெண்டு நிமிஷத்துல வண்டி நகரும். அவர்கிட்ட சொல்லு."

"முந்நூத்தி நாப்பதுல இருக்கான். முடியட்டும், சொல்றேன்."

கெட்டுப்போன சுவிட்சைத் தாண்டி மோட்டாரை ஓட்ட ஒரு சாவி போட வேண்டும். அந்தச் சாவியைத் தொடுவதற்கு முன்னால் நோட்டில் நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிரீஸ் அண்ணன் அதில் கறார். நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு நிதானமாக எழுத ஆரம்பித்தார். அவள் பொறுமையில்லாமல் அவர் பேனா போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பதினெட்டு. மூணாவது டவர். சோத்துக்கை என்று எழுதாமல் ஏதோ எண் போட்டார். பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

பேனா அவருடைய இடது கையில் இருந்தது.

கையெழுத்துப் போட்டு முடித்து, அதே இடது கையால் சாவியை எடுத்தார். துவாரத்துக்குள் விட்டார்.

"அண்ணே," என்றாள் அவள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்க எந்தக் கையால சாப்பிடுவீங்க?"

அவர் திரும்பி, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்கிற மாதிரி பார்த்தார். "இந்த நேரத்துல என்னம்மா கேள்வி இது?"

"சொல்லுங்கண்ணே. எந்தக் கை?"

அவர் சாவியிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். கிரீஸ் படிந்த அந்த இடது கையை இரண்டு பேரும் பார்த்தார்கள். முதலில் வேர்த்தது அவருக்குத்தான்.

"இங்க எல்லாருக்கும் தெரியும்மா," என்றார் மெதுவாக. "நான் சோத்துக்கைன்னா, அவங்க பீச்சாங்கைப் பக்கம் போயிடுவாங்க. இருபத்தாறு வருஷமா அப்படித்தான் ஓடுது. நீ வெளியாளுன்னு எனக்குத் தோணவே இல்ல. இருட்டுல திரையில ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் தெரிஞ்சுது."

திட்டுவதற்கு நேரமில்லை. இருந்திருந்தால் நன்றாகவே திட்டியிருப்பாள். எட்டுச் சக்கரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார்களே, பார்த்ததெல்லாம் தப்பான பக்கம். செத்த வயர் பெட்டி தொங்குகிற பக்கத்து வயர். அவள் புருஷன் வந்து ஏற வேண்டிய சக்கரங்கள். திரையில் முப்பது.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக முப்பதில் டிரோனைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டினாள்.

டவரின் இடப்பக்கம். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்றாவது சக்கரத்தில் ஏதோ பளபளத்தது.

"நிறுத்து நிறுத்து. கிட்ட போ."

எங்கிருந்தோ பறந்துவந்த வெள்ளி நிறத் தார்ப்பாய்த் துண்டு ஒன்று, சக்கரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் போய் மடிந்து மாட்டியிருந்தது. அதன்மேல் ஏறிய கயிறு பள்ளத்தை விட்டு எழும்பி, விரல் கனமே உள்ள சக்கர விளிம்பில் உட்கார்ந்திருந்தது. விளிம்புக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

"முன்னால ஓட்டியிருந்தா?" என்று கேட்டாள்.

"கேக்காதம்மா," என்றார் அவர்.

அப்புறம் அவர் எழுந்து நின்றார். முகம் மாறியிருந்தது, வேலை தெரிந்த ஆளின் முகம். "இந்தா பாரு. முன்னால ஓடும்போது உள்ள இழுத்துக்கிட்ட துணி. பின்னால ஓட்டினா வந்த வழியே வெளிய துப்பும். துப்பிருச்சுன்னா ரோப் பள்ளத்துல விழுந்துரும். நத்தை வேகத்துல ஓட்டுறேன். ஆனா எனக்கு இங்கேருந்து ஒண்ணும் தெரியாது, சுவிட்சும் இல்ல. உன் கண்ணுதான் எனக்குச் சுவிட்ச். ரோப் அந்தப் பக்கம் ஒரு நூல் நகர்ந்தாலும் 'நில்லு'ன்னு சொல்லணும். எவ்வளவு இருக்கு பேட்டரி?"

"இருபத்தஞ்சு."

"போதுமா?"

"போதும்படி செய்யுறேன். ஆரம்பிங்க."

அவர் சாவியைத் திருப்பி நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார். தரைக்குக் கீழே மோட்டார் உறுமியது. திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, எதிர்ப்பக்கமாக.

"அண்ணி, பின்னாடி போறோம், பின்னாடி போறோம்," என்று போன் கத்தியது.

"போகட்டும்டி. நான்தான் போகச் சொன்னேன்."

தார்ப்பாய் அசைந்தது. ஒரு மூலை வெளியே நீட்டியது. "வருது அண்ணே. ரோப் அங்கேயே இருக்கு. வருது. இன்னும் கொஞ்சம்." காற்றின் வேகம் ஏறிக்கொண்டிருந்தது, டிரோனை ஒரே இடத்தில் நிறுத்த அவள் இரண்டு கட்டை விரலும் படாதபாடு பட்டன. இருபத்து இரண்டு. இருபத்து ஒன்று.

இருபதில் ரிமோட் அலற ஆரம்பித்தது. பேட்டரி குறைவு, தானாக வீடு திரும்பப் போகிறேன், பத்து, ஒன்பது, எட்டு என்று திரையை மறைத்துக்கொண்டு எண்கள். நல்ல புத்திசாலி மெஷின்தான். ஆனால் அது வீடு திரும்ப வேண்டுமானால் முதலில் நேராக மேலே எழும்பும். நேர் மேலே டவரின் இரும்புக் கை. மூன்று வருவதற்குள் அவள் ரத்து செய்தாள். மறுபடி அலறியது. மறுபடி ரத்து செய்தாள்.

"என்னம்மா சத்தம்?"

"அதுக்குப் பயம் வந்துருச்சு. நீங்க ஓட்டுங்க."

தார்ப்பாய் பாதிக்கு மேல் வெளியே வந்து காற்றில் படபடத்தது. கயிறு விளிம்பில் ஒரு துளி தயங்கிற்று. அவள் வாய் 'நில்லு' என்று சொல்லத் திறந்தேவிட்டது. அந்த நொடியில் காற்றே வந்து தார்ப்பாயைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டியது. துணி பிய்த்துக்கொண்டு இருட்டுக்குள் பறந்தது. கயிறு பொத்தென்று பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தது.

"விழுந்துருச்சு. அண்ணே, விழுந்துருச்சு, உக்காந்துருச்சு."

கிரீஸ் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, திரைக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். பிறகு நோட்டில் ஏதோ ஒரு வரி எழுதினார். இந்த மனுஷன் இப்போதும் எழுதுகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அந்தக் கறார்தான் சற்று முன்னால் அவள் புருஷனைக் காப்பாற்றியது என்பதும் தெரிந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப முன்னால ஓட்டுறேன். பெட்டி அந்த டவரைத் தாண்டுற வரைக்கும் உன் கண்ணு அங்க வேணும். முடியுமா?"

பதினாறு. "முடியும்."

பெட்டி மெல்ல வந்தது. முதலில் தூரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு, அப்புறம் கண்ணாடி, அப்புறம் உள்ளே இரண்டு உருவம். அவள் டிரோனைப் பக்கவாட்டில் ஒதுக்கி, சக்கரங்களும் தெரிகிற மாதிரி, பெட்டிக்கு வழியும் விட்டு நிறுத்தினாள். பதினான்கு. பெட்டியின் கை சக்கரங்களின்மேல் ஏறியது. தடதடதடவென்று ஒவ்வொரு சக்கரமாகக் கடந்தது. மூன்றாவது சக்கரத்தில் அவள் மூச்சு விடவில்லை.

தாண்டியது.

ஜன்னல் விளக்குக்கு நேராக வந்தபோது புருஷன் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. கண்ணைத் திறந்திருந்தான். சாம்பல் பூத்த முகம், தங்கையின் கையை ஒடித்துவிடுகிற மாதிரி பிடித்திருந்தான், ஆனால் கண் மட்டும் நேராக டிரோன் விளக்கையே பார்த்தது. உதடு அசைந்தது.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் போனில்.

"ஐநூத்தி ஆறுங்கிறான் அண்ணி."

கிரீஸ் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், சிரிக்கும்போதே திரையின் மூலையைப் பார்த்தாள். பதினொன்று. எதிர்க்காற்றில் வீட்டுக்கு வரக் குறைந்தது பதினாலு வேண்டும். இருக்கிற காற்றுக்கு இருபதே ஆகும். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் டிரோன் பாதி வழியில் பள்ளத்தாக்குக்குள் விழும்.

அவருக்கும் புரிந்தது. "பெட்டியோட கூரை தட்டையாத்தான் இருக்கும்மா. இருபது விநாடி நிறுத்துறேன், அதுமேல இறக்கிடு, கூடவே வந்துரும். உன் பொருள். சொல்லு, நிறுத்தவா?"

இரண்டு வருட உழைப்பு அந்த டிரோன். காலையிலிருந்து எடுத்த படம் அத்தனையும் அதற்குள்ளே. ஆனால் நிறுத்துவது என்றால், அவனை மறுபடி அந்தரத்தில் நிறுத்துவது.

"நிறுத்தாதீங்க," என்றாள். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. "டவர்ல எங்கயாவது கால் வைக்க இடம் இருக்கா?"

"நாங்க நின்னு வேலை பாக்குற மேடை இருக்கு. உச்சிக்குக் கொஞ்சம் கீழ, நம்ம பக்கத்தைப் பார்த்த மாதிரி. கம்பி வலை போட்டிருக்கும், சுத்திக் கைப்பிடி."

"எந்தக் கைப் பக்கமும் சொல்லாதீங்க அண்ணே. நானே தேடிக்கிறேன்."

ஒன்பதில் மேடையைக் கண்டுபிடித்தாள். சின்ன மேடை, ஒரு கட்டில் அளவு. காற்று ஒரு பக்கம் தள்ளியது. வலைக்குக் கீழே வெறும் பள்ளம் தெரிந்ததால், தரை சரியில்லை, இறங்க மாட்டேன் என்று டிரோன் அடம் பிடித்தது. ரிமோட்டின் குச்சியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எட்டு. ஒரு தடவை எழும்பி மறுபடி இறங்கியது. ஏழு. கைப்பிடிக் கம்பி திரையில் வந்து போனது. கால்கள் இரும்பைத் தொட்டு நின்ற அதிர்வு அவள் உள்ளங்கைக்கே வந்த மாதிரி இருந்தது. இறக்கைகள் நின்றன. ஆறு.

ரிமோட்டை மேஜைமேல் வைத்தாள். பெட்டி வந்து நிற்கிற இடத்துக்கு ஓடினாள்.

ஏழு முப்பத்தைந்துக்குப் பெட்டி உள்ளே வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் ரேடியோவின் குரல் இறங்கியது, பிறகு ரேடியோ. அவளுக்குப் பின்னால் அவன், சுவரைப் பிடித்தபடி. நாலு எட்டு வைத்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கையை விரித்துத் தரைமேல் வைத்துத் தடவிப் பார்த்தான்.

"யாரு போட்டது இந்த டைல்ஸ்?" என்றான். "மட்டமே சரியில்ல."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று பெட்டி வரும்வரை கோத்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "தப்பு என்னோடதுங்க. உங்களுக்குப் பயம்னு தெரிஞ்சும் ஏத்திவிட்டேன். ஒரு ஷாட்டுக்காக," என்று மட்டும் வந்தது, அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவள் அழுது அவன் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பயந்தவன் அவன், தேற்றுகிறவனும் அவனாகிப் போனான்.

"டிரோன் எங்க?" என்று கேட்டான் சற்றுப் பொறுத்து.

"மூணாவது டவர்ல விட்டுட்டு வந்துட்டேன். திரும்பி வரச் சார்ஜ் இல்ல."

"என் பெட்டிமேல உக்காந்து கூடவே வந்திருக்கலாமே அது?"

"உங்க பெட்டியை நிறுத்தணும்னாரு. வேணாம்னுட்டேன்."

வெளியே காற்று வந்துவிட்டது. நிலையத்தின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. கிரீஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மேடையைச் சுத்திக் கைப்பிடி உயரமா இருக்கு, எங்கேயும் போகாது. காலையில காத்து நின்னதும் சர்வீஸ் பெட்டியில போய் எடுத்துட்டு வந்துரலாம். நான் ஓட்டணும். எட்டி எடுக்க ஒரு ஆள் வேணும்."

"நான் போறேன்," என்றாள் அவள்.

"நானும் வரேன்," என்றாள் ரேடியோ.

"நான் போறேன்," என்றான் அவன்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. தரையில் ஊன்றிய கையை எடுக்கவும் இல்லை.

"உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்," என்றாள் அவள்.

"ராத்திரி முழுக்க அங்கயே, நடு வானத்துல உக்காந்திருக்கும்ல அது, ஒத்தையா," என்றான். "எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிரீஸ் அண்ணன், கதவைப் பூட்ட வேண்டும் எழுந்திருங்கள் என்று இரண்டு தடவை சொல்லும்வரை அவர்கள் அந்த மட்டமில்லாத தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.